சாம்பலில் பிறந்த உலோகம்

பெயர் பெற்ற பொருள்கள் – அத்தியாயம் 11

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் வெள்ளை உப்பு ஒன்று விற்றது. நாக்கில் கசக்கும், வயிற்றைக் கழுவும். ஒரு கடைக்காரர் அதை 'விட்ரியால் ஏற்றிய டார்ட்டார்' என்பார். அடுத்தவர் 'இரட்டை மருமம்' என்பார். 'இரண்டின் உப்பு', 'ஹோல்ஸ்டைன் சர்வரோக நிவாரணி' என்ற பெயர்களும் உண்டு. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் மருந்தாளர் கிறிஸ்டோஃப் கிளாசர் செய்த சரக்குக்குக் 'கிளாசரின் பலபயன் உப்பு' என்று பெயர். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு செய்முறை, ஒரு விலை, ஒரு வைத்தியரின் புகழ் இருந்தது. கிளாசர் வெடியுப்பையும் கந்தகத்தையும் சேர்த்துச் சுட்டு எடுத்தார். வேறு சிலர் மரச்சாம்பல் உப்பில் கந்தகத் திராவகத்தை விட்டு எடுத்தார்கள். வெடியுப்பிலிருந்து நைட்ரிக் திராவகம் வடித்த பிறகு வாலையின் அடியில் தங்கிய கசடிலிருந்து எடுத்தவர்களும் உண்டு. எல்லாருக்கும் கிடைத்தது ஒரே பொருள். இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளை அதைப் பொட்டாசியம் சல்ஃபேட் என்று சொல்லிவிட்டுப் போகிறது.

அந்த இரண்டு சொற்களுக்குள் இத்தனை பெயர்களும் எப்படி வந்து அடங்கின என்பதுதான் இந்த அத்தியாயம். சென்ற அத்தியாயத்தில் ஆக்சிஜனுக்கு லவாய்சியர் பெயர் வைத்த கதையைப் பார்த்தோம். 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்று பொருள்படும் அந்தப் பெயரை வாசகர்கள் மறக்காமல் வைத்திருக்க வேண்டும். அதில் ஒளிந்திருந்த பிழை இந்தக் கதையில்தான் வெளியே வருகிறது.

முதலில் சாம்பல். மரத்தை எரித்து, சாம்பலை நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை இறுத்து, இரும்புப் பானைகளில் வற்றக் காய்ச்சினால் அடியில் அழுக்கு நிற உப்பு தங்கும். டச்சுக்காரர்கள் அதைப் 'பானைச் சாம்பல்' என்றார்கள். அந்த டச்சுச் சொல்லே ஆங்கிலத்தில் பொட்டாஷ் ஆயிற்று, பிரெஞ்சில் பொட்டாஸ் ஆயிற்று. அதையே உலையில் இன்னொரு முறை சுட்டு வெளுப்பாக்கினால் 'முத்துச் சாம்பல்'. கண்ணாடி உருக்குபவர், சோப்பு காய்ச்சுபவர், கம்பளி வெளுப்பவர், வெடியுப்பு சுத்தம் செய்பவர் எல்லாருக்கும் இது வேண்டும். பால்டிக் கடலோரக் காடுகளும் ரஷ்யக் காடுகளும் வட அமெரிக்கக் காடுகளும் இதற்காக எரிந்தன. அமெரிக்க அரசு வழங்கிய முதல் காப்புரிமையே பொட்டாஷும் முத்துச் சாம்பலும் செய்யும் முறைக்குத்தான்: 1790 ஜூலை 31 அன்று, பிலடெல்பியாவின் சாமுவேல் ஹாப்கின்ஸுக்கு, குடியரசுத் தலைவர் வாஷிங்டனின் கையெழுத்தோடு. சாம்பலை நீரில் ஊறவைப்பதற்கு முன் மறுபடி உலையில் எரித்தால் அதிக உப்பு கிடைக்கும் என்பது ஹாப்கின்ஸின் முறை.

தொழில் இப்படிக் கொழிக்க, இந்தச் சாம்பல் உப்பும் கடலோரச் செடிகளின் சாம்பலில் கிடைக்கும் சோடாவும் வெவ்வேறா, ஒன்றா என்பதுகூட நெடுங்காலம் தெளிவில்லாமல் இருந்தது. இரண்டும் வழுவழுப்பானவை, இரண்டும் அமிலத்தில் பொங்குபவை. இரண்டையும் 'காரம்' என்ற ஒரே பெயரில் அடக்கினார்கள். பிரான்சில் துஹாமெல் தியு மொன்சோ 1736-இல் கறியுப்பின் அடிப்படையாக இருக்கும் காரம் வேறு, மரச்சாம்பலின் காரம் வேறு என்று நிறுவினார். பெர்லினில் மார்க்கிராஃப் 1750-களின் இறுதியில் இதைக் கண்ணாலேயே காட்டினார். சோடாவிலிருந்து செய்த வெடியுப்பு மஞ்சள் சுவாலையோடு எரிந்தது. சாம்பல் காரத்திலிருந்து செய்த வெடியுப்பின் சுவாலை ஊதா கலந்து எரிந்தது.

வேறு வேறு என்று தெரிந்தபின் வேறு வேறு பெயர் வேண்டும். கறியுப்பிலும் மண்ணிலும் கிடைப்பது 'கனிமக் காரம்', செடிகொடிகளில் கிடைப்பது 'தாவரக் காரம்' என்று பிரித்தார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தப் பெயர் ஒரு கருத்தைச் சொல்கிறது. இந்தக் காரம் தாவரத்தில் மட்டுமே பிறக்கிறது என்கிறது. இயற்கை அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்ற அவசியம் இல்லை.

இந்த இடத்தில் திஜோன் நகரத்து வழக்கறிஞர் ஒருவர் வருகிறார். லூயி பெர்னார் கைட்டன் தெ மொர்வோ. நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர், மனமெல்லாம் வேதியியலில். கலைக்களஞ்சியம் ஒன்றுக்கு வேதியியல் கட்டுரைகள் எழுத ஒப்புக்கொண்டவர், ஒரே பொருளுக்கு ஐந்தாறு பெயர், ஒரே பெயருக்கு இரண்டு மூன்று பொருள் என்ற காட்டுக்குள் மாட்டிக்கொண்டார். 1782-இல் வேதியியல் பெயர்கள் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டு, பெயரிடுவதற்குச் சில விதிகளை முன்வைத்தார். எளிய பொருளுக்கு எளிய பெயர். கூட்டுப் பொருளின் பெயர் அதன் கூறுகளைச் சொல்ல வேண்டும். கண்டுபிடித்தவரின் பெயரை ஒட்டுவது வேண்டாம். அந்த விதிகளில் ஒன்றை நான் தனியே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பொருளின் இயல்பு உறுதியாகத் தெரியாதபோது, தவறான கருத்தைத் தரக்கூடிய பெயரைவிட, எதையுமே சொல்லாத பெயர் மேல் என்றார் அவர். சட்டம் படித்தவரின் நிதானம் இதில் தெரிகிறது. சாட்சி இல்லாமல் தீர்ப்பு எழுதக் கூடாது என்ற பழக்கம் அவருக்கு வேதியியலிலும் கைகொடுத்தது. வேதியியலில் பெயரிடுதலின் வரலாறு முழுவதும் இந்த ஒரு விதியை மதித்த இடங்களும் மீறிய இடங்களும்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கைட்டன் பாரிஸுக்கு வந்து லவாய்சியர், பெர்தொலே, ஃபூர்குருவா மூவரோடும் சேர்ந்தார். 1787-இல் நால்வரும் 'வேதியியல் பெயரிடு முறை' என்ற நூலை வெளியிட்டார்கள். அன்று முதல் 'விட்ரியால் ஏற்றிய டார்ட்டார்' பொட்டாஷ் சல்ஃபேட் ஆயிற்று. வெடியுப்பு பொட்டாஷ் நைட்ரேட் ஆயிற்று. சிறுநீர் பெருக்கியாக விற்ற 'டார்ட்டாரின் இலைமண்' பொட்டாஷ் அசிட்டைட் ஆயிற்று. 'சில்வியஸின் காய்ச்சலுப்பு' பொட்டாஷ் மியூரியேட் ஆயிற்று. அமிலம் எது, அடிப்படை எது என்று பெயரே சொல்லிவிடும். ஆக்சிஜன் நிறைந்த அமிலத்தின் உப்புக்கு 'ஏட்' என்ற விகுதி, ஆக்சிஜன் குறைந்ததற்கு 'ஐட்' என்ற விகுதி. முன்பு ஒவ்வோர் உப்பையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியிருந்த மாணவன், இனிச் சில வேர்ச்சொற்களை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான உப்புகளின் பெயரைத் தானே சொல்ல முடியும். இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, அந்தப் பெயர்களுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த நாம் உணர்வதில்லை.

'தாவரக் காரம்' என்ற சொல் இந்த அட்டவணையில் இல்லை. வணிகர்களின் பழைய சொல்லான 'பொட்டாஸ்' அதன் இடத்தில் அமர்ந்தது. கைட்டனின் விதிப்படி இது நல்ல தேர்வு. பானையில் காய்ச்சிய சாம்பல் என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் உறுதிகூறவில்லை. ஆனால் ஆக்சிஜன் விஷயத்தில் அதே விதி மீறப்பட்டது. எல்லா அமிலங்களிலும் ஆக்சிஜன் உண்டு என்பது அன்று நிறுவப்படாத ஊகம். அதைப் பெயராகவே பொறித்துவிட்டார்கள்.

1789-இல் லவாய்சியர் தம் பாடநூலில் 33 எளிய பொருள்களைப் பட்டியலிட்டார். இரண்டு ஆண்டுக்கு முன் பிரிக்க முடியாதவற்றின் வரிசையில் இருந்த பொட்டாஷும் சோடாவும் அதில் இல்லை. அவை கூட்டுப் பொருள்கள் என்பது வெளிப்படை, எதனால் ஆனவை என்பதுதான் தெரியவில்லை என்பது அவர் நிலை. அமோனியாவில் நைட்ரஜன் இருப்பதை 1785-இல் பெர்தொலே காட்டியிருந்தார். ஆகவே எல்லாக் காரங்களிலும் நைட்ரஜன் இருக்கக்கூடும், அமிலத்துக்கு ஆக்சிஜன்போல் காரத்துக்கு நைட்ரஜன் என்ற எண்ணமும் அந்த வட்டத்தில் உலவியது. 'காரத்தைப் பிறப்பிப்பது' என்று நைட்ரஜனுக்கு ஒரு பெயர்கூடப் பேச்சில் இருந்தது. நல்லவேளையாக அது நிலைக்கவில்லை. 1794 மே 8 அன்று லவாய்சியர் கில்லட்டினில் தலையை இழந்தார். அவர் விட்டுப்போன கேள்வி பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்தது.

அதற்குள் 1797-இல் 'தாவரக் காரம்' என்ற பெயருக்குக் கடைசி அடி விழுந்தது. பெர்லின் வேதியியலர் மார்ட்டின் ஹைன்றிஷ் கிளாப்ரோத், எரிமலைப் பாறைகளில் கிடைக்கும் லியூசைட் என்ற கனிமத்தைப் பகுத்துப் பார்த்தார். அதற்குள் பொட்டாஷ் இருந்தது. மரமோ செடியோ அருகில் வராத கல்லுக்குள் தாவரக் காரம்! லெபிடோலைட் என்ற கனிமத்திலும் அதைக் கண்டார். அதே ஆண்டில் பிரான்சில் சாப்தாலும் வொக்லானும் படிகாரத்துக்குப் பொட்டாஷ் இன்றியமையாதது என்று காட்டினார்கள். படிகாரம் காய்ச்சுவோர் அழுகிய சிறுநீரையோ சாம்பல் நீரையோ சேர்த்தால்தான் படிகம் இறங்கும் என்பதைத் தலைமுறைகளாக அறிவார்கள். ஏன் என்பது அன்றுதான் தெரிந்தது. நம் வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிடும் படிகாரக் கட்டியிலும் பொட்டாசியம் இருக்கிறது.

கிளாப்ரோத் அத்தோடு நிற்கவில்லை. பொட்டாஷ் என்பது வணிகச் சரக்கின் பெயர், அறிவியலுக்கு உகந்ததில்லை என்று கருதி, அதற்குக் 'காலி' என்றும் சோடாவுக்கு 'நாட்ரான்' என்றும் பெயர் வைக்கச் சொன்னார். ஜெர்மன் மொழி வட்டத்தில் அது நிலைத்தது. பின்னால் வந்த பிளவின் விதை இதுதான்.

இனி லண்டனுக்குப் போவோம். அல்பமார்ல் தெரு, ராயல் நிறுவனம், 1807 அக்டோபர் 6. ஹம்ஃப்ரி டேவிக்கு அப்போது 28 வயது. கார்ன்வாலில் மரம் செதுக்கும் ஒருவரின் மகன், முறையான பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். வோல்ட்டாவின் மின்கலம் வந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. தண்ணீரையே பிரித்த மின்சாரம் காரத்தைப் பிரிக்காதா என்பது அவர் கேள்வி. பொட்டாஷை நீரில் கரைத்து மின்சாரம் செலுத்தினார். நீர்தான் பிரிந்தது. நீரே இல்லாமல், பிளாட்டினக் கரண்டியில் பொட்டாஷை உருக்கிச் செலுத்தினார். கம்பி தொட்ட இடத்தில் பெரும் சுவாலை எழுந்தது, பொருளைப் பிடிக்க முடியவில்லை. உலர்ந்த திட பொட்டாஷோ மின்சாரத்தையே கடத்தாது. கடைசியில் ஒரு சிறு துண்டைச் சில நொடிகள் மட்டும் காற்றில் வைத்தார். காற்றின் ஈரத்தில் அதன் மேற்பரப்பு சற்றே கசிந்தது, மின்சாரம் பாய அது போதும். அதைப் பிளாட்டினத் தட்டில் வைத்து, தட்டை எதிர்முனையில் இணைத்து, மேலே நேர்முனைக் கம்பியைத் தொடவிட்டார்.

துண்டு இரு முனைகளிலும் உருகத் தொடங்கியது. மேலே குமிழி பொங்கியது. கீழே, தட்டைத் தொடும் இடத்தில், பாதரசத்துளிபோல் பளபளக்கும் சின்னச் சின்ன உருண்டைகள் தோன்றின. சில தோன்றிய கணமே வெடித்துச் சுடர்விட்டு எரிந்தன. சில மங்கி, வெள்ளைப் படலம் மூடிக் கிடந்தன. உடன் வேலை செய்த ஒன்றுவிட்ட சகோதரர் எட்மண்ட் டேவி பின்னாளில் சொன்னபடி, ஹம்ஃப்ரி மகிழ்ச்சி தாளாமல் அறைக்குள் ஆடிக் குதித்தார். சோதனையைத் தொடரும் அளவுக்கு மனம் அடங்கச் சிறிது நேரம் பிடித்தது. சில நாள்களில் சோடாவிலிருந்தும் இன்னொரு பொருளைப் பிரித்தெடுத்தார். நவம்பர் 19 அன்று ராயல் சொசைட்டியின் பேக்கரியன் உரையில் இரண்டையும் உலகுக்கு அறிவித்தார். அதற்குச் சில நாள்களுக்குள் கடும் காய்ச்சலில் விழுந்து, வாரக்கணக்கில் உயிருக்குப் போராடினார்.

அந்த உரையில் பெயர் பற்றி அவர் பேசிய பகுதியை நான் அறிவியல் எழுத்தின் சிறந்த பக்கங்களில் ஒன்றாகவே மதிக்கிறேன். முதலில் ஒரு கேள்வியைத் தீர்க்க வேண்டியிருந்தது. இந்தப் பொருள் உலோகமா? கத்தியால் நறுக்கும் அளவு மென்மை. தண்ணீரில் போட்டால் மிதக்கிறது, மிதந்தபடியே தீப்பற்றி ஓடுகிறது. பனிக்கட்டியில் வைத்தாலும் எரிந்து துளை போடுகிறது. காற்றுப்படாமல் நாப்தா எண்ணெய்க்குள்தான் வைக்க முடிகிறது. அதுவரை உலோகம் என்றாலே கனம் என்றுதான் பொருள். டேவி ஒப்பிட்டுப் பார்த்தார். மின்சாரத்தைக் கடத்துகிறது, வெப்பத்தைக் கடத்துகிறது, உலோகப் பளபளப்பு இருக்கிறது, பாதரசத்தோடு இரசக்கலவை ஆகிறது. எடை ஒன்றுதான் இடிக்கிறது. ஆனால் உலோகங்களுக்குள்ளேயே பிளாட்டினம் டெல்லூரியத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு கனம். அந்த வேறுபாட்டை ஏற்றவர்கள் இதையும் ஏற்கலாமே என்றார். ஆகவே உலோகம். லத்தீனில் உலோகப் பெயர்களுக்கு வழக்கமான 'அம்' விகுதியைச் சேர்த்து, பொட்டாசியம், சோடியம் என்று பெயரிட்டார். நாட்டின் முன்னணி அறிஞர்கள் பலரைக் கலந்துகொண்டு இந்த முறையைத் தேர்ந்ததாகவும் சொன்னார்.

பிறகு காரணத்தைச் சொல்கிறார். பொருள்களின் சேர்க்கை பற்றிய கொள்கைகள் நாளை எப்படி மாறினாலும் இந்தப் பெயர்கள் பிழையாகிவிடாது. பொட்டாஷிலிருந்து கிடைத்த உலோகம், சோடாவிலிருந்து கிடைத்த உலோகம் என்பதற்கு மேல் அவை எதையும் சொல்லவில்லை என்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் திஜோன் வழக்கறிஞர் வகுத்த விதிதான் இது. பிரெஞ்சுக்காரர்கள் தாங்களே மீறிய விதியை ஓர் ஆங்கிலேயர், அதுவும் இரு நாடுகளும் போரில் இருந்த காலத்தில், அப்படியே கடைப்பிடித்தார்.

மீறியதன் விளைவும் அதே உரையில் வெளிப்பட்டது. பொட்டாசியம் எரிந்தால் மீண்டும் பொட்டாஷ் கிடைக்கிறது. அப்படியானால் பொட்டாஷில் ஆக்சிஜன் இருக்கிறது. அமிலத்தைப் பிறப்பிப்பது என்று பெயர் வாங்கிய பொருள், அமிலத்துக்கு நேர் எதிரான காரத்துக்குள் உட்கார்ந்திருந்தது! பிரெஞ்சுப் பெயரிடு முறையின் அமிலத் தத்துவத்தை இனிக் காரத் தத்துவம் என்றும் அழைக்கலாம் என்று டேவி குறிப்பிட்டார். ஆக்சிஜன் என்ற பெயர் அன்றே பொருளிழந்தது. ஆனாலும் மாற்ற முடியாத அளவுக்கு ஊன்றிவிட்டதால் இன்றுவரை அதைச் சுமக்கிறோம்.

பாரிஸில் கே-லுசாக், தெனார் இருவரும் 1808-இல் துப்பாக்கிக் குழலுக்குள் இரும்புச் சீவல்களை வெண்சூடாகக் காய்ச்சி, உருகிய பொட்டாஷை அதன்மேல் ஓடவிட்டு, மின்கலமே இல்லாமல் டேவியைவிட அதிக அளவில் பொட்டாசியம் எடுத்தார்கள். எடுத்தபின், இது தனிமம் இல்லை, பொட்டாஷும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள் என்று வாதிட்டார்கள். நீண்டு நின்ற வாதம் இது, 1811-இல்தான் கைவிட்டார்கள். பெர்லினில் எர்மானும் சைமனும் நீரில் மிதக்கும் இவற்றை உலோகம் என்று சொல்லத் தயங்கி, 'உலோகப்போலி' என்ற வகைப்பெயரை 1808-இல் முன்வைத்தார்கள். இந்த வாதங்களில் எந்தப் பக்கம் வென்றிருந்தாலும் டேவியின் பெயர் பாதிக்கப்பட்டிருக்காது. பொட்டாஷிலிருந்து வந்தது என்பதை இரு தரப்பும் மறுக்கவில்லை.

பெயருக்கு வந்த போட்டி வேறு திசையிலிருந்து வந்தது. டேவியின் உரையை ஜெர்மனில் வெளியிட்ட இதழாசிரியர் லுட்விக் வில்ஹெல்ம் கில்பர்ட்டுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல். அவருடைய வாசகர்கள் கிளாப்ரோத்தின் வழியில் பொட்டாஷைக் 'காலி' என்கிறார்கள். காலியிலிருந்து வரும் உலோகம் பொட்டாசியம் என்றால் வேரும் கிளையும் ஒட்டவில்லை. ஆகவே 1809-இல் காலியம், நாட்ரோனியம் என்ற பெயர்களை முன்வைத்தார். டேவியின் இலக்கணத்தையே ஜெர்மன் வேர்ச்சொல்லில் பொருத்தினார் என்று சொல்லலாம். ஸ்டாக்ஹோமில் பெர்சிலியஸ் காலியம் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடு வகுத்தவர் அவர். 1814 முதல் அவர் பரப்பிய முறையில் காலியத்தின் முதல் எழுத்தான 'கே' குறியீடாயிற்று. உலகம் அந்தக் குறியீட்டை ஏற்றது, பெயரில் மட்டும் பிரிந்து நின்றது. ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் பொட்டாசியம் பக்கம். ஜெர்மன், டச்சு, ஸ்காண்டிநேவிய மொழிகள், ரஷ்யம் காலியம் பக்கம். ஜப்பானியர்கள் 'கரியுமு' என்கிறார்கள். ஆங்கில வழியில் வேதியியல் பெற்ற நாம் பொட்டாசியம் என்று படித்துவிட்டு, 'கே' என்று எழுதுகிறோம். மருத்துவமனையில் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தவருக்கு ஹைப்போகலீமியா என்று மருத்துவர் எழுதும்போது காலியம்தான் பேசுகிறது.

காலி என்ற சொல்லின் ஊரும் வியப்பானது. அது அரபு. 'அல் கலி' என்பது கடலோர உவர்நிலத்துச் செடிகளை எரித்த சாம்பல். வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கத்து உப்பளங்களில் வளரும் உமரியும் அந்தக் குடும்பத்துச் செடிதான். உவர்நிலச் செடியின் சாம்பலில் மிகுந்திருப்பது சோடா. ஆக, சோடியம் தந்த செடியின் பெயரைக் கிளாப்ரோத் பொட்டாஷுக்குக் கொடுத்துவிட்டார்!

பொட்டாசியம் வெளிப்பட்ட அதே மாதங்களில் அதன் உப்புகள் வேறொரு பெரிய வேலையைச் செய்துகொண்டிருந்தன. 1808 ஜனவரியில் ராயல் சொசைட்டியில் தாமஸ் தாம்சனும் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டனும் அடுத்தடுத்துக் கட்டுரை படித்தார்கள். வொல்லாஸ்டன் பொட்டாஷின் இரண்டு கார்பனேட்டுகளை எடுத்துக்கொண்டார். ஒரே அளவு பொட்டாஷுக்கு ஒன்றில் இருக்கும் கரியமில வாயுவைப்போல் மற்றதில் துல்லியமாக இரண்டு மடங்கு இருந்தது. ஆக்சலேட்டுகளில் இன்னும் அழகு: ஒன்று, இரண்டு, நான்கு என்று அமிலம் படியேறியது. இடையில் ஒன்றரை, ஒன்றேமுக்கால் என்று எதுவும் இல்லை. பொருள்கள் எண்ணக்கூடிய துகள்களால் ஆனவை என்ற டால்டனின் கொள்கைக்கு இதைவிடக் கைமேல் சாட்சி அன்று வேறு இல்லை. இந்த எண்ணிக்கையைப் பெயரிலும் காட்ட, வொல்லாஸ்டன் 'இரு' என்ற பொருளுள்ள 'பை' முன்னொட்டைச் சேர்த்தார். பைகார்பனேட் என்ற சொல் 1814-இல் அவர் தந்தது. இன்றைய வேதியியலில் அது ஹைட்ரஜன் கார்பனேட். அங்கே எதுவும் 'இரு' இல்லை. ஆயினும் மருந்துச் சீட்டிலிருந்து பேக்கரி வரை பைகார்பனேட் நிற்கிறது. சோதனைக்கூடத்தில் ஆரஞ்சு நிறத்தில் மின்னும் பொட்டாசியம் டைகுரோமேட்டும் நெடுங்காலம் 'பைகுரோமேட் ஆஃப் பொட்டாஷ்' என்றே வழங்கியது.

புதிய முறைக்கு எல்லாப் பழைய பெயர்களும் பணிந்துவிடவில்லை. 1706 வாக்கில் பெர்லினில் டீஸ்பாக் என்ற சாயக்காரர் சிவப்புச் சாயம் செய்யப்போய், விலங்கு எண்ணெய் கலந்து கெட்டுப்போயிருந்த பொட்டாஷைப் பயன்படுத்தியதால் ஆழ்ந்த நீலம் கிடைத்தது. அது பிரஷ்ய நீலம். 1752-இல் மாக்கேர் அந்த நீலத்தைக் காரத்தில் கொதிக்கவைத்து ஒரு மஞ்சள் உப்புக்கு வழி கண்டார். பின்னாளில் ஆலைகள் அதைக் காய்ந்த இரத்தம், கொம்பு, குளம்பு, தோல் துண்டு ஆகியவற்றைப் பொட்டாஷோடும் இரும்போடும் சேர்த்து உருக்கிச் செய்தன. நாற்றம் ஊரைத் தூக்கும் தொழில். ஜெர்மனில் அந்த உப்புக்கு 'மஞ்சள் இரத்தக்கார உப்பு' என்ற பெயர் இன்றும் உண்டு. ஆங்கில வணிகர்கள் 'பொட்டாஷின் மஞ்சள் புருசியேட்' என்றார்கள். நம் பாடநூலில் பொட்டாசியம் ஃபெரோசயனைடு. இந்தச் 'சயன்' என்ற வேர் கே-லுசாக் தந்தது, கிரேக்கத்தில் நீலம் என்று பொருள். அதனால்தான் நிறமே இல்லாத கொடிய நஞ்சான பொட்டாசியம் சயனைடு, நீலத்தின் பெயரைச் சுமக்கிறது.

மாங்கனீசுக் கல்லை வெடியுப்போடு உருக்கி நீரில் கரைத்தால் பச்சை, பிறகு நீலம், பிறகு ஊதா என்று நிறம் மாறிக்கொண்டே போகும். அதற்குக் 'கனிமப் பச்சோந்தி' என்று பெயர். அந்த நாடகத்தில் பச்சை உப்பு வேறு, ஊதா உப்பு வேறு என்று மிட்ஷெர்லிக் 1830-களின் தொடக்கத்தில் பிரித்துக் காட்டினார். ஊதா உப்புதான் நாம் கிணற்று நீரில் போடும் பொட்டாசியம் பர்மாங்கனேட்.

சாம்பல் காலமும் முடிவுக்கு வந்தது. 1850-களில் பிரஷ்யாவின் ஸ்டாஸ்ஃபுர்ட்டில் பாறையுப்புக்காகச் சுரங்கம் தோண்டியபோது, மேலடுக்கில் கசப்பான உப்புகள் கிடைத்தன. நல்ல உப்புக்குப் போகும் வழியில் அகற்ற வேண்டிய கழிவு என்று ஒதுக்கினார்கள். ஹைன்றிஷ் ரோஸே அதில் ஒன்றுக்கு 1856-இல் கார்னலைட் என்று சுரங்க அதிகாரி கார்னாலின் பெயரை வைத்தார். அது பொட்டாசியமும் மக்னீசியமும் கலந்த குளோரைடு. பயிர்களுக்குப் பொட்டாஷ் தேவை என்று லீபிக் 1840-லேயே எழுதியிருந்தார். 1861-இல் அடால்ஃப் ஃபிராங்க் ஸ்டாஸ்ஃபுர்ட்டில் ஆலை வைத்து அந்தக் 'கழிவை' உரமாக்கினார். அதன்பின் உலகப் பொட்டாஷ் பெரும்பாலும் சுரங்கத்திலிருந்தே வருகிறது. சாம்பல் போயிற்று, பெயரில் மட்டும் தங்கிவிட்டது. தமிழ் உழவர்களுக்குச் சொல்லும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்ற மூன்றில் மூன்றாவதும் அந்தப் பழைய பானையின் நினைவையே சொல்கிறது.

நம் கூட்டுறவுச் சங்கக் கிடங்கில் அடுக்கியிருக்கும் 50 கிலோ பொட்டாஷ் மூட்டை அனேகமாக முழுக்க இறக்குமதிச் சரக்கு. அதன்மேல் 'மியூரியேட் ஆஃப் பொட்டாஷ்' என்றும், நீரில் கரையும் பொட்டாஷ் 60 விழுக்காடு என்றும் அச்சிட்டிருக்கும். அந்த 60 விழுக்காடு பொட்டாசியம் ஆக்சைடின் கணக்கு. மூட்டைக்குள் ஆக்சைடு துளியும் இல்லை, இருப்பது பொட்டாசியம் குளோரைடு. தனிமமாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 25 கிலோ பொட்டாசியம் வரும். உப்பு என்றால் உலோக ஆக்சைடும் அமிலமும் சேர்ந்தது என்று லவாய்சியரும் பெர்சிலியஸும் கருதிய காலத்துக் கணக்கு முறை இன்னும் உரச் சட்டத்தில் உயிரோடிருக்கிறது. எவ்வளவு போடுவது என்று கணக்குப் போடும் உழவர், மண் பரிசோதனை அட்டையில் உள்ள எண் தனிமத்தின் எண்ணா, ஆக்சைடின் எண்ணா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டுக்கும் இடையில் ஆறில் ஒரு பங்கு வேறுபாடு இருக்கிறது.

மூட்டையில் உள்ள மற்றொரு சொல், மியூரியேட். லத்தீனில் உப்புநீர் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. மியூரியாட்டிக் அமிலத்திலும் ஆக்சிஜன் இருந்தே தீரவேண்டும் என்பது பிரெஞ்சு முறையின் நம்பிக்கை. அதைத் தேடி ஐரோப்பா முழுவதும் வேதியியலர்கள் தோற்றார்கள். டேவி தாம் கண்ட பொட்டாசியத்தையே கருவியாக்கி, அந்த அமில வாயுவில் அதைச் சூடாக்கிப் பார்த்தார். உப்பு கிடைத்தது, ஹைட்ரஜன் கிடைத்தது, ஆக்சிஜன் கிடைக்கவில்லை. 1810 நவம்பரில் அவர் மீண்டும் ராயல் சொசைட்டியின் முன் நின்றபோது, பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு வாயுவுக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. குளோரினின் அந்தக் கதை அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)